சத்தெல்லாம் தண்ணியில

சாறுக்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. ஆணிலும் உண்டு, பெண்ணிலும் உண்டு. கோயிலுக்குப் போகிற வீடு, மாதா கோயிலுக்குப் போகிற வீடு, மசூதிக்குப் போகிற வீடு, புத்தர் படத்துக்குப் பூ வைக்கிற வீடு என்று எந்த வீட்டை எடுத்தாலும் ஒருவராவது தேறுவார். கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்த ஆசுபத்திரி வாசலில் வேண்டுமானாலும் சாயங்காலம் நாலு மணிக்குப் போய் நில்லுங்கள். ஒரு கையில் ஒயர் கூடை, கூடைக்குள் துண்டு சுற்றிய ஃபிளாஸ்க், இன்னொரு கையால் வாட்ச்மேனை ஒதுக்கிக்கொண்டு, 'உள்ளே இருக்கிற டாக்டர்மார் எல்லாம் நல்ல பிள்ளைகள்தான், பாவம், ஒன்றும் தெரியாது' என்ற முகத்தோடு ஒருவர் படி ஏறுவார் பாருங்கள். அவர்தான்.

சாறுக்காரருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு கொள்கை. எதையும் நெடுநேரம் கொதிக்க வைத்தால் அதன் சத்து முழுவதும் தண்ணீரில் இறங்கிவிடும். மிஞ்சுவது சக்கை. இறங்கியதை யார் பார்த்தது? யாரும் பார்க்கவில்லை. மாடியிலிருந்து இறங்கினால் பார்க்கலாம், பஸ்ஸிலிருந்து இறங்கினால் பார்க்கலாம், மூடிய சட்டிக்குள் இறங்குவதை யார் பார்ப்பது? ஆனாலும் இறங்கிவிட்டது. அடித்துச் சொல்வார்.

அடுத்தது அவருடைய விலக்குப் பட்டியல். முட்டையா? சூடு. பருப்பா? வாயு. மீனா? புண் சீழ் பிடிக்கும். பாலா? சளி கட்டும். தயிரா? கேட்டதே தப்பு. சரி, நோயாளி என்னதான் சாப்பிடுவது? தண்ணீர். வெறும் தண்ணீர் இல்லை அய்யா, சத்து இறங்கிய தண்ணீர்!

இதே வாய்தான் பிள்ளை பெற்றவளுக்கு முன்னால் பால் சுறாப் புட்டைச் சட்டியோடு வைத்து, "துன்னு, இன்னொரு வாய் துன்னு" என்று விரட்டும். பிள்ளை பெற்ற உடம்புக்குச் சதை வேண்டும் என்று தெரிகிறது. மூச்சுக்குப் போராடுகிற உடம்புக்கு மட்டும் தண்ணீர் போதுமா? இதைச் சாறுக்காரரிடம் கேட்டுவிடாதீர்கள். "அது வேற, இது வேற" என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

இந்த இனத்துக்கு ஒரு கொடி வேண்டுமென்றால் அதில் ராயபுரத்து எல்சியின் ஃபிளாஸ்க்கைத்தான் வரைய வேண்டும். எல்சிக்கு வயது அறுபது. புருஷன் ரயில்வேயில் இருந்து, போய்ச் சேர்ந்தவர். சொந்தத்தில் யார் படுத்தாலும் முதல் ஆளாக எல்சியின் ஃபிளாஸ்க் போய் நிற்கும். திருவொற்றியூரில் இடுப்பு முறிந்த சித்திக்கு ஆட்டுக்கால் தண்ணீர், நெட்டுக்குப்பத்தில் குடலில் கத்தி வைத்த மச்சானுக்கு நண்டுத் தண்ணீர். குடித்தவர்களில் பிழைத்தவர்கள் எல்லாரும் ஃபிளாஸ்க்கால் பிழைத்தார்கள். மூலக்கொத்தளம் மயானத்துக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் எல்லாரும் டாக்டரால் போனார்கள். நியாயம் அவ்வளவு சுத்தம்.

இப்படிப்பட்ட எல்சியின் தம்பி சாவியோவே ஒருநாள் படுத்துவிட்டான்.

சாவியோ துறைமுகத்தில், கப்பல் மேல் அடுக்கிய கண்டெய்னர்களை இரும்புக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுகிறவன். ஒவ்வொரு கம்பியும் ஓர் ஆள் உயரத்துக்கு மேல். அதைத் தலைக்கு மேலே தூக்கி மாட்டித் திருகுகிற கை எப்படி இருக்கும்? வாழைத் தண்டு மாதிரி இருக்கும். அந்த ஆளுக்கு நுரையீரலில் காய்ச்சல் வந்து, மூச்சு நின்று, மெஷின் வைத்து, வாயில் போட்ட குழாயை எடுத்துத் தொண்டையில் துளை போட்டு அங்கே குழாய் வைத்து, மூக்கு வழியாக வயிற்றுக்கு இன்னொரு குழாய் விட்டுப் படுக்கப் போட்டிருந்தார்கள். வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, சமையல்கூடம் இல்லாத சின்ன ஆசுபத்திரி. மூக்குக் குழாயில் ஊற்ற வேண்டியதை வீட்டிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். சாவியோவின் பெண்டாட்டி அடைக்கலமேரி பள்ளிக்கூடத்தில் ஆயா வேலைக்குப் போகிறவள். சமையல் யார் கைக்கு வந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

அந்த ஆசுபத்திரிக்குப் புதன்கிழமை தோறும் யசோதரா என்று ஒரு பெண் வருவாள். வியாசர்பாடிக்காரி. எந்த நோயாளிக்கு எதை எவ்வளவு கொடுப்பது என்று சொல்வதற்கென்றே படித்தவள். அவள் எல்சியை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னாள்.

"அக்கா, இப்டி படுத்துனு கீறப்போ ஒடம்பு சும்மா கெடக்காது. அதுக்கு புரதம் வரலைன்னா தன் சதையவே எடுத்துத் துன்ன ஆரம்பிச்சிடும். மொதல்ல கை, தொடை. அப்பால மூச்சு இழுக்குற சதை. அது போச்சுன்னா மெஷினை எடுக்கவே முடியாது. அத்தொட்டு ஒரு நாளைக்கு எட்டு முட்டையோட வெள்ளை, வெந்த கோழி, பருப்பு, பாலு, இந்த பவுடர்ல தலை தட்டி நாலு ஸ்பூன். எல்லாத்தையும் மிக்ஸில மையா அரைச்சு, ஒரு வாட்டி வடிகட்டி, ஆறு வேளைக்குப் பிரிச்சுக் குடுத்தனுப்புங்க. இது அண்ணன் எடைக்கும் அண்ணன் கிட்னிக்கும் பார்த்து போட்டது. பக்கத்து பெட்டுக்கு வேற அளவு."

எல்சி தலையை ஆட்டினாள். சாறுக்காரர் தலையாட்டுவதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அது 'சரி' என்கிற ஆட்டம் இல்லை. 'சீக்கிரம் பேசி முடி' என்கிற ஆட்டம்.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முதல் நாள் எல்சி அரைத்துத்தான் கொடுத்தாள். அவசரத்தில் ஒரு பருப்புக் கட்டி மாட்டி, குழாய் அடைத்துக்கொண்டது. நர்ஸ் அதை உருவி எடுத்துவிட்டு மூக்கில் புதுக் குழாய் விட்டாள். சாவியோ பேச முடியாதவன். இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது. இடுப்பில் தூக்கி வளர்த்த அக்காள் இதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாள். அன்றோடு தீர்ந்தது. இனிமேல் என் தம்பிக்கு ஒரு துரும்பும் போகக்கூடாது என்று முடிவு கட்டிவிட்டாள். அன்பு ஒருத்தருக்கு அதிகமாகிவிட்டால் அறிவு சற்று தள்ளி நின்றுகொள்ளும் போலிருக்கிறது.

மறுநாளிலிருந்து கோழி காலையில் அடுப்பேறினால் மத்தியானம்தான் இறங்கும். வெந்த தண்ணீரை வெள்ளை வேட்டித் துணியில் ஒருமுறை வடிகட்டினாள், இரண்டாம் முறை வடிகட்டினாள், மூன்றாம் முறை வடிகட்டியபோது பாத்திரத்தின் அடியில் பொறித்திருந்த புருஷன் பேர் தெளிவாகத் தெரிந்தது. "இப்பதான் சுத்தம்" என்றாள். பருப்பு வேகும், மேல் தண்ணீர் மட்டும் ஃபிளாஸ்க்குக்குப் போகும். முட்டைக்கு என்ன செய்தாள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். முட்டை அவித்த தண்ணீரையும் எடுத்து ஊற்றினாள்.

பார்த்துக்கொண்டிருந்த அடைக்கலமேரிக்கே பொறுக்கவில்லை.

"இன்னா அண்ணி, ஓடு மூடினு கீது. அத்தத் தாண்டி சத்து எப்டி எறங்கும்?"

"நிதானமா எறங்கும். நீ வேலைக்குப் போ."

பவுடர்? கெட்டியாக இருக்கிறது, குடல் தாங்காது என்று நாலு ஸ்பூன் ஒரு ஸ்பூனாயிற்று.

மிச்சமிருந்த கோழி, பருப்பு, அவித்த முட்டை எல்லாம் எங்கே போயிற்று? எல்சி தொடவில்லை. தம்பி தன் காலால் நடந்து வீடு வந்து சேரும்வரை கறி, மீன், முட்டை எதுவும் நாக்கில் வைப்பதில்லை என்று அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டிருந்தாள். மேரிக்கும் கிடையாது, நோயாளிக்கென்று ஆக்கியதை வீட்டில் வேறு யாரும் தின்னக்கூடாது என்பது எல்சியின் சட்டம். கொட்டினாலோ பாவம். ஆகவே சக்கை எல்லாம் டிபன் பாக்ஸில் ஏறி ஆசுபத்திரிக்கு வரும். மாடிப்படிக்குக் கீழே ஒரு பூனை இருந்தது. எலும்பும் தோலும் சொறியுமாக இருந்த அதற்கு வாட்ச்மேன் செங்குட்டுவன் கலீஜு என்று பேர் வைத்திருந்தான். எல்சி முதலில் படிக்குக் கீழே டிபன் பாக்ஸைக் கவிழ்ப்பாள். பிறகு மேலே போய் ஃபிளாஸ்க்கைக் கொடுப்பாள். காலை ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை.

அடுத்த புதன்கிழமை யசோதரா வந்தாள். சாவியோவின் தொடையைத் தொட்டுப் பார்த்தாள். ஃபிளாஸ்க்கைத் திறந்து பார்த்தாள். பிறகு எல்சியைப் பார்த்தாள்.

"கோழி எங்கக்கா?"

"உள்ளதான் கீது."

"எதுக்குள்ள?"

"தண்ணிக்குள்ள. சத்தெல்லாம் தண்ணியில எறங்கிடுச்சு."

"அப்போ கீழ பூனைக்கு இன்னாத்த போட்டீங்க?"

"அது வெறும் சக்கை."

"அக்கா, அண்ணனுக்கு வேண்டியதே அந்தச் சக்கைதான்! நீங்க குடுக்கிறதுல மணம் கீது, உப்பு கீது. சதை வளர்றதுக்கு ஒண்ணுமே இல்ல."

"எம்மா, உனக்கு இன்னா வயசு?"

"இருபத்தாறு."

"நான் நாப்பது வருசமா ஆக்கிப் போடுறேன்."

சாறுக்காரரிடம் வாதம் இந்த இடத்தில் முடிந்துவிடும். எந்த வாதமாக இருந்தாலும் சரி, கடைசியில் வயதைக் கேட்பார்கள். எதிராளி இளையவராக இருந்தால் தோற்றார். மூத்தவராக இருந்தால்? "வயசாயிடுச்சு, பாவம், அவருக்கு இன்னா தெரியும்" என்பார்கள். யசோதரா என்ன செய்வாள்? நன்றாக அரைத்தால் குழாய் அடைக்காது, ஊற்றி முடித்ததும் நர்ஸ் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவிவிடுவார் என்று இன்னொரு தடவை சொன்னாள். நர்ஸிடமும் சொல்லிவிட்டுப் போனாள். எல்சி தலையை ஆட்டினாள். எந்த ஆட்டம் என்று உங்களுக்கே தெரியும். மறுநாள் நர்ஸ் ஃபிளாஸ்க்கைத் திறந்து முகம் சுளித்தபோது, "கெட்டி எல்லாம் அடியில கீதும்மா, ஆட்டி ஊத்து" என்று சொல்லிச் சமாளித்தாள்.

திங்கட்கிழமை டாக்டர் மெஷினைக் கொஞ்சநேரம் கழற்றிப் பார்த்தார். அரைமணி நேரம் தன்னால் மூச்சுவிட்டால் மெஷினை மெல்ல மெல்ல எடுத்துவிடலாம் என்று சொல்லியிருந்தார். எல்சி கண்ணாடிக்கு வெளியே ஜெபமாலையோடு நின்றாள். பத்து ஜெபமணி உருட்டி முடிப்பதற்குள் சாவியோவின் கழுத்து நரம்பெல்லாம் எழும்பி, நெற்றி வேர்த்து, விலா எலும்பு உள்ளே போய் உள்ளே போய் வந்தது. மெஷினை மாட்டிவிட்டார்கள்.

டாக்டர் வெளியே வந்தார். "நுரையீரல் தெளிஞ்சிடுச்சும்மா. காய்ச்சலும் இல்ல. ஆனா மூச்சை இழுக்க சதை இல்ல. மெஷின்ல நாள் ஏற ஏற வேற கிருமி புடிக்கும். இன்னொரு தடவை புடிச்சா தாங்க மாட்டார்."

எல்சி உள்ளே போய்த் தம்பியின் கையை எடுத்தாள். படுத்த அன்று மணிக்கட்டில் அவள் கட்டிய வேளாங்கண்ணிக் கயிறு. அன்று சதையில் பதிந்து உட்கார்ந்திருந்தது. இப்போது கையைத் தூக்கியதும் வழுக்கிக்கொண்டு போய் முழங்கையருகில் நின்றது.

கீழே வந்து படியில் உட்கார்ந்துவிட்டாள். அன்று இன்னும் கவிழ்க்காத டிபன் பாக்ஸ் பக்கத்தில் இருந்தது. கலீஜு அவள் காலடியில் வந்து நின்று, படி ஏறலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று அங்கேயே சரிந்து படுத்தது.

"இன்னாக்கா, டல்லா கீற?" என்று கேட்டான் செங்குட்டுவன்.

"மெஷினை எடுக்க முடியலியாம் நைனா. சதை இல்லியாம். நான் எதைத்தான் குடுக்கல?"

செங்குட்டுவன் தலையைச் சொறிந்தான். "அக்கா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே?"

"சொல்லு."

குனிந்து பூனையைத் தூக்கி அவள் மடியில் வைத்தான். எல்சியின் தொடை அமுங்கியது.

"ரெண்டு வாரத்துக்கு மின்னாடி இத்த ஒரு வெரல்ல தூக்குவேன். இப்ப ரெண்டு கை வேணும். ஒரே கோழி, ஒரே சட்டி. தண்ணி மேல போச்சு, சக்கை கீழ வந்துச்சு. மேல கீறவரு எளைச்சுனே போறாரு. கீழ கீறது படி ஏற முடியாம கீது. சத்து எதுலக்கா எறங்குச்சு?"

எல்சி விட்டுக்கொடுப்பவளா? "பூனைக்கு இன்னாடா! வேலையா வெட்டியா? துன்னுட்டுப் படுத்துனு கீது, பெருத்துச்சு."

"அண்ணனும் படுத்துனுதானே கீறாரு."

பூனை மடியில் கிடந்து குர்குர் என்றது. எல்சி அதன் முதுகைத் தடவினாள். கை நிறையச் சதை. கொஞ்சநேரம் முன்னால் இதே கையால் பிடித்துப் பார்த்த கையில் எலும்புதான் இருந்தது. பூனையை மெதுவாக இறக்கி வைத்தாள். டிபன் பாக்ஸைக் கூடையில் போட்டாள், வீட்டுக்கு நடந்தாள். அன்று சாயங்காலம் கலீஜுக்கு ஒன்றும் விழவில்லை.

வீட்டில் மிக்ஸி ஓடியது. நிறுத்தினாள், விரலால் தேய்த்துப் பார்த்தாள், மறுபடி ஓட்டினாள். பக்கத்து வீட்டில் ஆள் எட்டிப் பார்க்கிற வரைக்கும் ஓட்டினாள். கோழி, பருப்பு, முட்டை வெள்ளை, பால், பவுடர் தலை தட்டி நாலு. டீ வடிகட்டியில் ஒரு தடவை, ஒரே தடவை. அந்த ஃபிளாஸ்க் அதற்கு முன்னால் அப்படிக் கனத்ததே இல்லை.

நர்ஸ் மூக்குக் குழாயில் சிரிஞ்சை மாட்டி ஊற்ற ஆரம்பித்தபோது எல்சி கண்ணை மூடிக்கொண்டாள். அடைத்துக்கொண்டால் அந்தக் குழாயை மறுபடி உருவுவார்கள். அந்தக் கண்ணீரை மறுபடி பார்க்க வேண்டும். அருள்நிறைந்த மரியே, அடைக்காமல் இருக்கட்டும். அருள்நிறைந்த மரியே.

"முடிஞ்சிடுச்சுக்கா" என்றாள் நர்ஸ். "தண்ணி வுட்டுக் கழுவிட்டேன். சோக்கா எறங்கிடுச்சு."

எல்சி கண்ணைத் திறந்தாள். 'எறங்கிடுச்சு' என்று அவள் கேட்க ஏங்கிய அந்தச் சொல், கடைசியில் சரியான இடத்திலிருந்து வந்தது.

புதன்கிழமை யசோதரா வந்து ஃபிளாஸ்க்கைத் திறந்தாள். உள்ளே கரண்டி நிற்கிற மாதிரி இல்லாவிட்டாலும் அடி தெரியவில்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் எல்சி முந்திக்கொண்டாள்.

"எம்மா, வெறும் சாறைக் குடுத்தா எப்டி? சக்கையிலதான சத்து கீது! உங்க படிப்புல இத்தெல்லாம் சொல்லித் தர மாட்டாங்களா?"

யசோதரா ஃபிளாஸ்க்கை மூடினாள். பக்கத்தில் செங்குட்டுவன் இருமிக்கொண்டே வெளியே போனான்.

"இல்லக்கா, இவ்ளோ தெளிவா சொல்லித் தரல" என்றாள் அந்தப் பெண். இருபத்தாறு வயதில் எவ்வளவு புத்தி பாருங்கள்.

உடனே சாவியோ எழுந்து உட்கார்ந்துவிடவில்லை. அப்படியெல்லாம் நடக்காது. ஒருவாரத்தில் சுருங்கிய சதை வளர ஒரு மாதம் கேட்கும். கையையும் காலையும் மடக்கி நீட்ட வைக்க ஒருவர் தினம் வந்து போனார். மெஷினைப் பத்து நிமிஷம் கழற்றினார்கள், அப்புறம் அரைமணி, அப்புறம் இரண்டு மணி நேரம், ஒருநாள் பகல் முழுக்க. தூக்கினால் முழங்கைக்கு ஓடிய கயிறு பாதிக் கையிலேயே நிற்க ஆரம்பித்தது. பிறகு மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே நின்றது. சட்டிக்குள் இறங்குவதை யாரும் பார்த்ததில்லை. இந்தக் கயிறு இறங்கியதை எல்சி தினம் விரல் வைத்துப் பார்த்தாள்.

தொண்டைத் துளையை மூடிப் பேசச் சொன்ன நாளில் சாவியோ ஃபிளாஸ்க்கையே பார்த்தான். குரல் கீச்சென்று வந்தது.

"எல்சிக்கா... மீன் துண்டு எங்க?"

எல்சி அழுதாள். அழுதுகொண்டே, "பார்றா, படுத்தும் நாக்கு எளைக்கல" என்றாள். சாவியோ தன் காலால் நடந்து வீடு வந்து சேர்ந்த அன்று வஞ்சிர வறுவலோடு நேர்த்திக்கடனை முடித்தாள்.

சாறுக்காரி திருந்திவிட்டாள் என்று நினைக்கிறீர்களா? கொடியின் நிறம்தான் மாறியது, கொடி இறங்கவில்லை. எல்சி இப்போது கெட்டிக்காரி. யார் படுத்தாலும் மிக்ஸியில் அடித்துக்கொண்டு போய் நிற்கிறாள். சாவியோ ஆசுபத்திரியில் இருந்தபோதே, பக்கத்துப் படுக்கையில் கிட்னி கெட்டுப் படுத்திருந்த அத்திப்பட்டுக்காரருக்கும் எட்டு முட்டை எழுதிக் கொடுக்கச் சொல்லிச் சண்டை பிடித்தாள். "அவருக்கு வேற அளவுன்னு சொன்னேனேக்கா" என்று யசோதரா பின்னாலேயே ஓடிவந்தாள். எல்சி தலையை ஆட்டினாள்.

கலீஜு பாவம், இன்னும் சாயங்காலம் நாலு மணிக்குப் படிக்கு வந்து உட்காருகிறது. ஒயர் கூடை எதைப் பார்த்தாலும் எழுந்து நிற்கிறது. அது ஒரு நாளும் பட்டினி கிடப்பதில்லை. ஏனென்றால் ஒயர் கூடைகளும் ஃபிளாஸ்க்குகளும் வந்துகொண்டேதான் இருக்கின்றன, ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு டிபன் பாக்ஸ்.

சளிக்கு நண்டு ரசம் நல்லதா என்று இந்த நேரத்தில் கேட்காதீர்கள். நல்லதுதான். அதை யார் வந்து சொன்னாலும் மாற்றிக்கொள்ள முடியாது. நண்டின் சதையையும் பிரித்து வாயில் வையுங்கள், அவ்வளவுதான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். போன மாசம் வீட்டில் காய்ச்சலாகப் படுத்திருந்த பெரியவருக்குப் பருப்பை அடியில் விட்டுவிட்டு மேல் தண்ணீரை மொண்டு ஊற்றியது யார்? "ஒடம்பு தாங்காது" என்று அவர் கிண்ணத்தில் சாற்றை விட்டு, துண்டு இரண்டையும் வேறு தட்டுக்குத் தள்ளியது எந்தக் கை? ஞாபகம் வரவில்லையா? பரவாயில்லை. உங்கள் வீட்டு வாசலில் சுற்றுகிற பூனையை ஒருமுறை தூக்கிப் பாருங்கள். கை வலித்தால், இறக்கிவிட்டு உள்ளே போய், படுத்திருப்பவரின் கையையும் பிடித்துப் பாருங்கள்.